மணியடித்தால் நிற்கும் வேலை

அன்றாட அலுவல்களிலிருந்து சில நாட்கள் விலகி, செபத்திலும் மௌனத்திலும் விவிலிய வாசிப்பிலும் நேரத்தைச் செலவிட விரும்புவோரை உணவும் உறைவிடமும் தந்து ஏற்கும் வீட்டைக் கிறிஸ்தவ மரபு தியான இல்லம் என்று அழைக்கிறது. அங்கே வந்து தங்குவோரின் அனுபவம் குறித்து எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டிருக்க, அந்த வீட்டின் அடுப்பை எரிப்பவர், பாத்திரம் துலக்குபவர், கழிப்பறையைக் கழுவுபவர் ஆகியோரின் நாள் எப்படிக் கழிகிறது என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது. ஒரு தியான இல்லத்தின் உண்மையான குணம் அந்த வேலைகள் யார் கையில் விடப்பட்டுள்ளன என்பதில்தான் வெளிப்படும் என்பதற்கு, கிழக்குப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குன்றின் மேல் அமைந்துள்ள தெய்சே என்னும் சிற்றூரைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

சுவிட்சர்லாந்தில் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரோஜர் ஷூட்ஸ், 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில், தமது 25ஆம் வயதில், ஏறத்தாழ ஆளற்றுக் கிடந்த இந்த ஊருக்கு வந்து ஒரு பழைய வீட்டை வாங்கினார். ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதியைப் பிரான்சின் மறுபாதியிலிருந்து பிரித்த எல்லைக்கோடு இவ்வூருக்கு அருகில் சென்றதால், யூதர்கள் உள்ளிட்ட அகதிகள் இங்கே தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்குச் சோறிட்டு ஒளித்து வைப்பதே அந்த வீட்டின் முதல் விருந்தோம்பலாக அமைந்தது. 1942இல் காட்டிக்கொடுக்கப்பட்டு ஊர் திரும்ப முடியாமற்போன அவர், 1944இல் சில தோழர்களுடன் மீண்டும் வந்தார். 1949ஆம் ஆண்டு ஈஸ்டரன்று எழுவர் வாழ்நாள் முழுவதும் மணம் புரியாமலும் உடைமைகளைப் பொதுவில் வைத்தும் ஒருங்கே வாழ்வதாக வாக்களித்தனர். முதலில் புராட்டஸ்டன்ட் சகோதரர்கள் மட்டும் இருந்த இச்சமூகத்தில் 1969 முதல் கத்தோலிக்கரும் சேர்ந்தனர். பிளவுபட்ட சபைகள் ஒன்றையொன்று நெருங்கிவர முயலும் 'கிறிஸ்தவ ஒன்றிப்பு' என்னும் கொள்கைக்கு இன்று உலகறிந்த எடுத்துக்காட்டாக இது விளங்குகிறது.

இச்சமூகம் தனக்கென எந்த நன்கொடையையும் ஏற்பதில்லை. சகோதரர்கள் தங்கள் மட்பாண்டத் தொழில், நூல் வெளியீடு முதலிய உழைப்பிலிருந்தே உண்கின்றனர். குடும்பச் சொத்து பங்காக வந்தாலும் அது வறியோருக்கே செல்கிறது. கோடையின் சில வாரங்களில் குன்றின்மேல் ஒரே நேரத்தில் சில ஆயிரம் இளைஞர்கள் கூடுகின்றனர். தத்தம் நாட்டின் வசதிக்கேற்ப அவர்கள் செலுத்தும் சிறு தொகையைக் கொண்டு சம்பள ஊழியரை அமர்த்தி இத்தனை பேருக்குச் சமைத்துப் போடுவது இயலாத காரியம் என்பதால், வந்தவர்களே வேலை செய்தாக வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே விதியாயிற்று. வறுமையிலிருந்து பிறந்த இந்த விதிதான் தெய்சேயின் மிகச் சிறந்த செல்வம் என்று சொல்லத் தோன்றுகிறது.

வேலை யார் கையில் என்ற கேள்விக்கு அதே பர்கண்டி மண்ணில் ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு, செபத்துக்கும் கை வேலைக்கும் நாளைப் பங்கிட்டுக் கொடுத்ததுடன், வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே கருதி ஏற்க வேண்டும் என்றும் பணித்தது. தெய்சேக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தெற்கே 910இல் நிறுவப்பட்டு ஐரோப்பாவின் மாபெரும் மடமாக வளர்ந்த குளுனியில், வழிபாடு நீண்டு நீண்டு நாள் முழுவதையும் விழுங்கியபோது கை வேலை பணியாட்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு மறுப்பாக எழுந்து 1098இல் சீத்தோவில் புது மடம் கண்ட துறவியர், மண்வெட்டியைத் திரும்பக் கையிலெடுத்தனர். செபிப்பவர் வேறு, உழைப்பவர் வேறு என்று பிரிந்துவிட்டால் இரண்டுமே குறைபடும் என்ற அந்தப் பழைய பாடத்தைத் தெய்சே துறவியருக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் தங்க வரும் கல்லூரி மாணவருக்கும் விரித்துக் கொடுத்திருக்கிறது.

குன்றில் வேலை செய்வோர் இரு வகையினர். ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்குவோர் அந்த வாரத்துக்கு ஏதாவதொரு பணியை ஏற்கின்றனர். பல வாரங்களோ சில மாதங்களோ, சிலர் ஓராண்டு வரையோ தங்கி அப்பணிகளை ஒழுங்குபடுத்துவோர் இரண்டாம் வகையினர். 'நிலையாய் இருப்போர்' என்ற பொருளில் இவர்களைப் 'பெர்மனென்ட்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. பதினெட்டு வயதைக் கடந்து இருபதுகளில் இருக்கும் இவர்களுக்கு ஊதியம் இல்லை. உணவும் படுக்கையும் உண்டு. ஆண்களும் பெண்களும் தனித்தனி வீடுகளில், ஒரே அறையில் பல நாட்டவராய்த் தங்குகின்றனர். ஆண்களுக்குச் சகோதரர் ஒருவரும், பெண்களுக்கு 1966 முதல் பக்கத்துச் சிற்றூரில் குடியிருந்து விருந்தோம்பலில் பங்கேற்றுவரும் புனித அந்திரேயா சபை அருட்சகோதரியருள் ஒருவரும் வழித்துணையாக அமைந்து, குறித்த இடைவெளியில் சந்தித்து அவர்களின் உள்ளத்தில் நடப்பதைக் கேட்கின்றனர்.

இத்தொண்டரின் நாள் கடிகாரத்தை நம்பியிருப்பதைவிட மணியோசையை நம்பியே நகர்கிறது. காலை 8.15, நண்பகல் 12.20, இரவு 8.30 என மூன்று வேளை செபத்துக்கு முன்பாகத் திறந்த மணிக்கூண்டின் மணிகள் சில நிமிடங்கள் விடாது ஒலிக்கும்போது, குன்றில் நடக்கும் வேலை முழுவதும் அப்படியே நிற்கிறது. பாதி நறுக்கிய வெங்காயம் பலகையிலேயே கிடக்கும். வேலை முடிந்த பிறகு செபம் என்று வைத்தால் வேலை ஒருநாளும் முடியாது என்பதைச் சமையலறை அறிந்தவர் அனைவரும் அறிவர். எனவே முடியாத வேலையை முடியாததாகவே விட்டுவிட்டு எழுந்து செல்லும் பழக்கமே புதிதாக வரும் தொண்டர் கற்க வேண்டிய முதற்பாடமாகிறது. சுறுசுறுப்பானவர்களுக்கே இது மிகக் கடினமாக இருக்கிறது.

காலைச் செபத்துக்குப் பின் ரொட்டி, வெண்ணெய், சாக்லேட் துண்டுகள், சூடான பானம் என்று எளிய உணவு முடிந்ததும், வார விருந்தினர் ஒரு சகோதரர் தரும் விவிலிய விளக்கத்தைக் கேட்கச் செல்ல, தொண்டர்களோ தத்தம் பணிக்குப் பிரிகின்றனர். பரிமாறும் முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். தட்டு, கிண்ணம், கரண்டி ஆகியவற்றோடு முடிந்துவிடும் அந்த உணவுத் தட்டத்தில் கத்தி, முள்கரண்டி, தம்ளர் எதுவும் இல்லை. தண்ணீரும் தேநீரும் அதே கிண்ணத்திலேயே குடிக்கப்படுகின்றன. ஒருவருக்கு மூன்று பொருள் குறைந்தால் மூவாயிரம் பேருக்கு ஒன்பதாயிரம் பொருள் கழுவ வேண்டியதில்லை என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. வெறுங்கையோடு வருவோரும் வசதியானோரும் ஒரே கரண்டியால் ஒரே பருப்பை உண்ணும்போது, அந்தக் கணக்கே சமத்துவமாகவும் மாறிவிடுகிறது.

உணவுக்குப் பின் பாத்திரம் துலக்கும் இடமே குன்றின் மிகக் கலகலப்பான இடம். பெரிய தொட்டிகளில் ஒன்றில் சோப்பு நீர், அடுத்ததில் வெந்நீர் என்று வரிசையாக வைத்து, இருபுறமும் நிற்பவர்கள் கிண்ணங்களைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப, யாரோ ஒருவர் தொடங்கும் பாட்டு மற்றவர்களைத் தொற்றிக்கொள்கிறது. போலந்துக்காரர், போர்ச்சுக்கீசியர், கொரியர் என அருகருகே நிற்போருக்குள் உடைந்த ஆங்கிலத்தைத் தவிரப் பொதுமொழி இருப்பதில்லை. கிண்ணம் போதிய அளவு சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்சாடையாலேயே பேசி முடிக்கின்றனர். தெய்வீகத் தலைப்புகளில் நடக்கும் உரையாடல்களில் வாய் திறக்காத இளைஞர், இந்த நுரைக்கு நடுவே தம் வீட்டைப் பற்றியும் ஐயங்களைப் பற்றியும் பேசத் தொடங்குவதுண்டு. கைக்கு வேலை இருந்தால் நாவின் கட்டு அவிழும் என்பதை நாற்று நடும் வயலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழிப்பறை சுத்தம் செய்யும் குழு தனி. இந்த வேலையைச் செய்வதற்கென்றே சிலர் பிறந்திருப்பதாக எண்ணும் சமூகத்திலிருந்து பார்க்கும்போது, சட்ட மாணவரும் செவிலியரும் ஒரு வாளியோடு முறை வைத்துச் செல்லும் காட்சி சிறிய செய்தியாகப் படாது. அவ்வேலைக்குப் பாராட்டும் இல்லை, பரிவும் இல்லை. ரொட்டி வெட்டுவது போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவே. அந்தச் சாதாரணத் தன்மையில்தான் அதன் மேன்மை இருக்கிறது.

ஆலயக் குழுவின் பணி இதற்கு நேர் எதிர். அங்கே அமைதியே வேலை. 'ஒப்புரவு ஆலயம்' என்று பெயர் பெற்ற அந்தக் கட்டடமும் தொண்டர்களின் கைவேலைதான். நாசிக் கொடுமைகளுக்குப் பரிகாரமாக, போரில் பாதிக்கப்பட்ட நாடுகளில் உடலுழைப்பு நல்க 1958இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஓர் இயக்கத்தின் இளைஞர்கள் அதைக் கட்டித்தர, 1962 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. கூட்டம் பெருகப் பெருக அதன் முகப்புச் சுவரை இடித்துக் கூடாரம் இணைத்து, பின்னர் நகர்த்தக்கூடிய தடுப்புகளுடன் விரித்துக்கொண்டே போயினர். இருக்கைகள் மிகக் குறைவு. எல்லோரும் தரையிலேயே அமர்கின்றனர். செபத்துக்கு மட்டும் வெள்ளை அங்கி அணியும் சகோதரர்கள் நடுவில் மண்டியிடுகின்றனர். 'மௌனம்' என்று பல மொழிகளில் எழுதிய பலகையைப் பிடித்தபடி வாயிலில் நிற்பது, பாட்டுத்தாள்களைக் கொடுத்து வாங்குவது, மெழுகுதிரிகளைச் சரிசெய்வது, தரையைக் கூட்டுவது ஆகியவை தொண்டர்களின் பொறுப்பு. செபத்தின் நடுவே பல நிமிடங்கள் நீளும் மௌனத்தில் சில ஆயிரம் பேர் அசையாதிருப்பது, அந்த வாயிலில் பலகையோடு நின்றவரின் பொறுமைக்கும் ஓரளவு கடன்பட்டது.

பாடல்களும் இந்த விருந்தோம்பலிலிருந்தே பிறந்தவை. வாரந்தோறும் மாறும் பன்மொழிக் கூட்டம் உடனே பாடுவதற்கேற்ப, இரண்டொரு வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடும் வடிவை, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜாக் பெர்த்தியே 1994இல் மறையும்வரை சகோதரர்களுக்காக வளர்த்துத் தந்தார். வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் கிடத்தி, அதன் மரத்தில் நெற்றி பதித்துச் செபிக்க ஒவ்வொருவராக வருகின்றனர். சனி இரவு கைதோறும் மெழுகுதிரி ஏற்றி உயிர்ப்பு கொண்டாடப்படுகிறது. இவ்விரு இரவுகளிலும் பாட்டு ஓய நெடுநேரம் ஆகும், தொண்டர்களின் உறக்கமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

மறுநாள் ஞாயிறு வந்தால் குன்று ஒருமுறை காலியாகி மறுமுறை நிறைகிறது. காலையில் கண்ணீரோடு பேருந்தேறுவோரை வழியனுப்பிய அதே தொண்டர், பிற்பகலில் வரவேற்பு வீட்டில் நின்று, வந்திறங்கியவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கூடாரமும் படுக்கையும் காட்டுகிறார். வாரந்தோறும் நட்பு கொண்டு வாரந்தோறும் பிரிவது, மழைநாளின் சேறு, சேர்ந்துகொண்டே போகும் களைப்பு, தாமாகத் தேர்ந்தெடுக்காத வேலை, தனித்திருக்க ஓர் அறை இல்லாமை ஆகியவைதான் இந்த வாழ்வின் மெய்யான சுமைகள். இவற்றை மறைத்து அதை இன்பச் சுற்றுலாவாக வருணிப்பது அங்கே உழைப்போருக்குச் செய்யும் நியாயமாகாது.

நம்பிக்கையே அடித்தளமான இடத்தில் அது முறிந்த நாட்களும் உண்டு. 2005 ஆகஸ்ட் 16 அன்று மாலைச் செபத்தின்போது, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், மனநலம் குன்றிய ஒரு பெண்ணால் தொண்ணூறு வயதுச் சகோதரர் ரோஜர் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற சகோதரர் அலோய்ஸ், பல பத்தாண்டுகளுக்கு முன் சில சகோதரர்கள் மீது எழுந்த பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளை 2019இல் தாமே பகிரங்கப்படுத்தினார். இளையோரை வரவேற்கும் எந்த இல்லமும் இத்தகைய செய்தியை மூடிவைக்க உரிமையற்றது. 2023 டிசம்பரில் ஆங்கிலிக்கச் சபையினரான சகோதரர் மேத்யூ தலைமை ஏற்றார். இத்தனைக்குப் பிறகும் ஆலயத்தில் செபம் தொடர்கிறது.

ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள் சில மாதங்கள் தங்கிப் பணிபுரியவும் சமூகம் அழைப்பு விடுக்கிறது. சகோதரர்களும் குன்றோடு நின்றுவிடவில்லை. 1985இன் இறுதியில் சென்னையில், அப்போதைய மதராசில், கண்டங்களிடையேயான இளைஞர் சந்திப்பொன்றை நடத்தியதால் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அவர்களுடைய பாடல் முறை அறிமுகமற்றதன்று. 1978இல் பாரிசில் தொடங்கி ஆண்டு முடிவில் ஐரோப்பிய நகரொன்றில் நடைபெறும் பெருஞ்சந்திப்புகளுக்காக, தொண்டர்கள் சிலர் மாதக்கணக்கில் முன்னதாகவே அந்நகருக்குச் சென்று, பல்லாயிரம் விருந்தினரைத் தங்கவைக்க இசையும் குடும்பங்களைத் தேடித் தெருத் தெருவாக அலைகின்றனர்.

குளிர்காலத்தில் குன்று வேறோர் உருக்கொள்கிறது. ஆலயத்தின் பின்பகுதித் தடுப்புகள் இறக்கப்பட்டு, முன்பகுதி மட்டும் போதுமானதாகிறது. விருந்தினர் சில பத்துப் பேராகக் குறைய, அவர்களுக்கு நிகராகத் தொண்டர்களே இருக்கும் வாரங்களும் வருகின்றன. கோடையில் தேய்ந்த பாய்களைத் தைப்பதும், கூடாரத் துணிகளை உலர்த்தி மடிப்பதும், வர்ணம் உதிர்ந்த கதவுகளைச் சுரண்டிப் பூசுவதும் அப்போதைய வேலைகள். நண்பகல் செபத்துக்குச் சற்று முன்பு மணி ஒலிக்கத் தொடங்கியதும், தூரிகையை நீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு அவர்கள் எழுந்து செல்கின்றனர்.