ஓடாத காரை ஓட்டிப் பார்க்காதீர்கள்

மர்ஹூமான வாப்பா ஆசையாக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் சில வீடுகளில் இன்னும் மூடிக் கிடக்கின்றது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. அத்தகையது. அதைத் திருத்தக் கொண்டுபோக வேண்டி வந்தால், "கராஜ் பக்கத்தில்தானே, மெதுவாக ஓட்டிப் போகிறேன்" என்பார் மகன்.

சகோதரிகளே, அதற்கு இடங்கொடாதீர்கள். நெடுநாள் நின்ற காரின் பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருக்கும். பார்வைக்கு நல்ல டயரிலும் வெடிப்பு இருக்கலாம். கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்தே. பிரேக் பிடிக்காவிட்டால் முன்னால் இழுக்கும் வாகனத்திலேயே போய் மோதும்.

கார் ஏற்றும் லொறியை அழையுங்கள். தாழ்வான கார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நீண்ட பலகைகளோடு வருவார்கள். பெற்றோல் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பி வடத்தால் மெல்ல இழுத்து ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஏற்றும்போது பிள்ளைகள் காரின் பின்னால் நிற்கலாகாது.

லொறிக் கூலி வீண்விரயமல்ல. நம் உயிரும் தெருவில் போகிறவர் உயிரும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். வாப்பாவின் ஞாபகத்தைக் காக்கப்போய் இன்னொரு வீட்டில் மௌத்து விழலாமா?