யானைகளின் குற்றொலித் தொடர்பு

யானைகளின் குற்றொலித் தொடர்பு என்பது, மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளால் யானைகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதைக் குறிக்கும். நொடிக்கு 20 அதிர்வுகளுக்கு (20 ஹெர்ட்ஸ்) கீழுள்ள ஒலியே குற்றொலி. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இடையே திரியும் ஆசிய யானைகளின் நடத்தையை இதைத் தெரிந்துகொள்ளாமல் விளங்கிக்கொள்வது கடினம்.

இவ்வொலியை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர், முதுமலை யானைகளை நன்கறிந்த தமிழ் எழுத்தாளரும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996). இன்று இதன் தொடர்பில் அவர் பெயர் அரிதாகவே சொல்லப்படுகிறது. ஒலிப்பதிவுச் சான்று பின்னரே வந்தது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில், ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெய்ன் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். ஒலி கேட்கவில்லை; யானையின் நெற்றித் தோல் மட்டும் துடித்தது. அவர் குழு 1986இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வழைப்புகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருந்தன.

பூனையின் உறுமலில் நடப்பதாகக் கருதப்பட்டது போல, ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தசைக்குக் கட்டளை அனுப்புகிறதா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. இறந்த ஓர் ஆப்பிரிக்க யானையின் குரல்வளையில் காற்றைச் செலுத்தி நடத்திய சோதனை (2012) அது தேவையில்லை எனக் காட்டியது. நரம்பின் தூண்டுதல் சிறிதுமின்றியே குரல் நாண்கள் குற்றொலியை எழுப்பின.

கேட்பதில் மூளையின் பங்கு பெரிது. ஒலி இரு காதுகளையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு மூளை திசையை அறிகிறது. யானையின் தலை அகன்றதாதலால் இவ்வேறுபாடும் அதிகம். உயர்ந்த ஒலிகளின் உதவி அதற்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சோதிக்கப்பட்ட ஓர் ஆசிய யானை 17 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டது; ஆனால் மனிதர் கேட்கும் மிக உயர்ந்த ஒலிகள் அதற்குக் கேட்கவில்லை.

தாழ்ந்த ஒலி மரங்களிடையே எளிதில் தேய்வதில்லை. நமீபியாவில் பதிவுசெய்த அழைப்புகளை ஒலிபரப்பியபோது, 2 கி.மீ. தொலைவிலிருந்த ஆப்பிரிக்க யானைகளும் தலைநிமிர்ந்து காதுகளை விரித்தன.

கூடலூர்ப் பக்கம் யானை தேயிலையைத் தின்பதில்லை. தோட்டம் அதற்கு வழி மட்டுமே. தேயிலை வரிசையில் ஒற்றையாகத் தெரியும் பெண் யானை தனியாக வந்ததென்று கொள்ள முடியாது. அதன் கூட்டம் மேட்டுக்கு அப்பால், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல், ஆனால் அதனுடன் பேசிக்கொண்டே இருக்கக்கூடும். விடியலில் கொழுந்து பறிக்கச் செல்பவர்களுக்கு ஆபத்து இங்கேதான். ஆனைமலையிலுள்ள வால்பாறைத் தோட்டங்களில், யானைகள் நிற்கும் இடம் 2011 முதல் தொழிலாளர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்படுகிறது.