சுவர் இருவருக்கும் பொது, அனுமதி ஒருவருக்கு

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை உடைத்துக் கட்டப் போகிறார் என்றால் சிங்கப்பூரில் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டியதில்லை. அவர் கொடுத்த விண்ணப்பத்தைப் பற்றி உங்களுக்குக் கடிதம் வராது. தெருவில் அறிவிப்பு ஒட்டமாட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுதுங்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். குழந்தைப் பராமரிப்பு நிலையம் போல வீட்டின் பயன்பாட்டையே மாற்றும் சில விண்ணப்பங்களில் மட்டும் அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்பதுண்டு. வீட்டை வீடாகவே வைத்துக்கொண்டு பெரிதாக்குகிறவருக்கு அந்தப் பேச்சே இல்லை.

நான் தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவன். கடையநல்லூரிலிருந்து வந்த என் அத்தா துறைமுகத்தில் சுமை தூக்கினார். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில்தான் எனக்கு எழுத்து வந்தது. பிறகு வாழ்நாள் முழுக்கக் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது எவர்ட்டன் பார்க்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கிறேன். சுவர், விரிசல், அனுமதி என்று எதுவானாலும் புளோக்கில் உள்ளவர்கள் என்னைத் தேடி வருவார்கள். அப்படித்தான் போன வருடம் பக்கத்து பிளேர் ரோட்டுக் கடைவீடு ஒன்றில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். ஒட்டிய வீட்டை யாரோ வாங்கியிருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பழையபடியே வைத்துக்கொண்டு பின்பக்கம் புதிதாகக் கட்டப் போகிறார்கள்.

“அங்கிள், ஆட்சேபம் எழுதற ஃபாரம் எங்க கிடைக்கும்? லண்டன்ல என் தோழி வீட்டுக்கு கவுன்சில்லேருந்து கடிதமே வந்துச்சாம். பக்கத்துல கட்டப் போறாங்க, உங்க கருத்து என்னன்னு.”

அவர் தோழி சொன்னது உண்மை. இங்கிலாந்தில் கட்டட விண்ணப்பம் வந்தால் உள்ளூர் மன்றம் ஒட்டிய வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும், அல்லது தெருவில் அறிவிப்பு வைக்கும். கருத்துச் சொல்ல 21 நாள். எதை எழுதினாலும் எடுபடும் என்று நினைக்கக் கூடாது. என் ஜன்னலிலிருந்து பூங்கா தெரியாமல் போய்விடும், என் வீட்டு விலை இறங்கிவிடும் என்பதெல்லாம் கணக்கில் சேராது. படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கும்படி ஜன்னல் வருகிறது, சமையலறைக்கு வெளிச்சமே வராது என்றால் பரிசீலிப்பார்கள். அனுமதி கொடுத்துவிட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. அயர்லாந்தில் அதுவும் உண்டு. ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டிக் கருத்தைப் பதிவு செய்தவர், முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டு ஆணையம் வரை போகலாம்.

சிங்கப்பூர் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதிவிடுவது. விதிக்குள் அடங்கினால் அனுமதி. பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வி எழாது. தரைவீடுகளுக்கு 2015 மே மாதம் வந்த விதி, கட்டடம் அடங்க வேண்டிய எல்லைக்கோட்டை மட்டும் வரைகிறது. இரண்டு மாடிப் பகுதியில் 12 மீட்டர், மூன்று மாடிப் பகுதியில் 15.5 மீட்டர். அதற்குள் எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம். சில வகைத் தரைவீட்டு வேலைகளுக்கு, வரைபடம் விதிப்படிதான் இருக்கிறது என்று கட்டடக் கலைஞர் உறுதி கூறிச் சமர்ப்பித்தாலே போதும், அனுமதி கிடைத்ததாக ஆகிவிடும். அனுமதி மறுக்கப்பட்டவர் அமைச்சரிடம் முறையிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கதவும் இல்லை.

இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்த முறையில் ஒரு நியாயம் இருப்பதை நான் மதிக்கிறேன். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மூடிக் கிடந்த பள்ளிக் கட்டடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். கடைசியில் விடுதி வந்தது, ஆனால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவர்கள் போய்வரத் தனிச் சாலை போட்டு. அந்த எதிர்ப்பு சுவரையோ வெளிச்சத்தையோ பற்றியதல்ல, மனிதர்களைப் பற்றியது. அவர்களோடு தளத்தில் நின்று வேலை செய்தவன் நான். ஒரு தெருவின் விருப்பு வெறுப்புக்கு அனுமதியை ஒப்படைத்தால் யார் வெளியே நிற்க நேரும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்குத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பேசுவதற்கு இங்கே ஒரு காலம் உண்டு, அது விதி எழுதப்படும் காலம். முதல் சட்டபூர்வப் பெருந்திட்டம் 1958இல் வந்தது. இப்போது ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். கடைசியாக 2025 ஜூன் 25ஆம் தேதி வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள், இதே தஞ்சோங் பகாரில், மேக்ஸ்வெல் ரோடு 45ஆம் எண்ணில் இருக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடத்தில். அப்போது ஆட்சேபம் எழுதலாம், எழுதினால் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் தெருவில் இனி எத்தனை மாடி வரலாம் என்பது அந்த வரைபடத்தில்தான் தீர்மானமாகிறது. நம்மவர்கள் அங்கே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் நகரத்தின் பெரிய மாதிரியைப் பார்த்துவிட்டு வருவார்கள். சொந்தத் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது, அதன் மேல் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் அவர் கவலைக்கு அது மருந்தாகியிருக்காது, ஏனென்றால் அவர் கவலை உயரத்தைப் பற்றியதல்ல.

அவர் கவலை சுவரைப் பற்றியது.

தஞ்சோங் பகார்க் கடைவீடுகளின் உள்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு இடையே ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் பொது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஆழமில்லாத அடித்தளம். இந்தப் பக்கத்து மாடியைத் தாங்கும் மர உத்தரங்களும் அந்தப் பக்கத்து உத்தரங்களும் அதே சுவருக்குள் புதைந்து நிற்கும். ஒரு பக்கத்து உத்தரத்தை உருவினால் சுவர் அசைகிறது, ஒரு பக்கம் குழி தோண்டினால் சுவர் இறங்குகிறது. இந்த வட்டாரத்தில் நகர மறுசீரமைப்பு ஆணையம் 1987இல் 32 கடைவீடுகளை முன்னோட்டமாகச் சீரமைத்துக் காட்டியது. 1989 ஜூலை 7ஆம் தேதி தஞ்சோங் பகாரும் லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பிளேர் ரோட்டுப் பகுதிக்கு 1991இல் அந்தப் பாதுகாப்பு வந்தது. இங்கே வேலை செய்யச் சாதாரண அனுமதி போதாது, மரபுப் பாதுகாப்புக்கான தனி அனுமதி வேண்டும். முகப்பு, மர ஜன்னல், அஞ்சடி, காற்று வரும் உள்முற்றம், பொதுச்சுவர் எல்லாம் விதிகளுக்குள் வரும். ஆனால் அந்த விதிகள் கட்டடத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிற எண்பது வயதுத் தாயைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை.

நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு பழைய விரிசல். அப்போது அங்கே வேலை இன்னும் தொடங்கவில்லை. “இதுதான் உங்களுக்குக் கிடைச்ச நல்ல நேரம்மா” என்று சொன்னேன். எல்லா அறையிலும் எல்லாச் சுவரையும் தேதி தெரிய அவர் மகன் படம் எடுத்தான். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். அகலத்தை அளந்து குறித்தோம். பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். அது ஆட்சேபக் கடிதமல்ல. உங்கள் வேலைக்கு நாங்கள் எதிரில்லை, நமக்கிடையே இருப்பது பொதுச்சுவர், இன்றைய நிலைமை இதோ படங்களில், வேலை தொடங்கும் முன் உங்கள் பொறியாளர் எங்கள் பக்கத்தையும் வந்து பார்க்கட்டும், சுவரை எப்படித் தாங்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், குத்தகைக்காரரின் காப்புறுதி விவரம் கொடுங்கள். இவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு ஒன்று, வரைபடத்தில் கையெழுத்திட்ட கட்டடக் கலைஞருக்கு ஒன்று, குத்தகைக்காரருக்கு ஒன்று. எந்த முகவரிக்கு என்ன அனுமதி கொடுக்கப்பட்டது என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். தளத்தில் வேலை தொடங்கிவிட்டால் முன்னால் மாட்டியிருக்கும் பலகையிலும் பெயர்கள் இருக்கும்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் நல்ல பலமான சட்டம் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸ் பிரிண்ட் எதிர் மோனோகிராஃப்ட்ஸ் வழக்கில் சொன்ன தீர்ப்பு. பக்கத்து நிலத்தைத் தோண்டியதில் ஒரு கட்டடம் சேதமான வழக்கு அது. 1881இல் வந்த பழைய ஆங்கிலத் தீர்ப்பின்படி, ஒரு கட்டடம் இருபது ஆண்டு நின்றால்தான் பக்கத்து நிலத்தின் தாங்கலுக்கு அதற்கு உரிமை வரும். நம் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கட்டடம் எழுந்த நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு, தோண்டுகிறவர் பக்கத்துக் கட்டடத்தின் தாங்கலைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேலையைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி நிலத்துக்காரர் தப்ப முடியாது என்றது. தளத்தில் நின்ற காலத்தில் இந்தத் தீர்ப்பை நான் புதிய மேற்பார்வையாளர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லுவேன்.

ஆனால் அது சேதம் வந்த பிறகு உதவும் சட்டம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு உள்ளவருக்கு உதவும் சட்டம். சேதத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? இங்கேதான் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல். இங்கிலாந்தில் அனுமதி முறைக்கு வெளியே பொதுச்சுவருக்கென்றே 1996இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பொதுச்சுவரில் கை வைக்கும் முன் இரண்டு மாதம், மூன்று மீட்டருக்குள் பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தை விட ஆழமாகத் தோண்டும் முன் ஒரு மாதம், எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டார் ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவையாளர்கள் வந்து பார்த்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். வேலையைத் தடுக்கும் அதிகாரம் அதில் கிடையாது. தெரிந்துகொள்ளும் உரிமையும், சுவரைப் பாதுகாப்பாகத் தொடவைக்கும் உரிமையும்தான். சிங்கப்பூரில் அப்படிப் பொதுச்சுவர்ச் சட்டம் இல்லை. வரிசை வரிசையாகப் பொதுச்சுவர்களில் நிற்கும் கடைவீடுகளைக் காப்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் நாட்டில் இது வந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாத அறிவிப்பும், இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இருவரும் கையெழுத்திடும் ஒரு பதிவும் கட்டுகிறவருக்குப் பெரிய செலவல்ல. பின்னால் அநியாயமாகக் கேட்கப்படும் நஷ்டஈட்டிலிருந்து அவரையும் அது காக்கும்.

ஊரில் வீடு கட்டும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டச் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம். அங்கேயும் பக்கத்து வீட்டாரை யாரும் கேட்பதில்லை. சண்டை வந்தால் தடையுத்தரவு வாங்க நீதிமன்றத்துக்கு ஓடுவதுதான் வழக்கம். கடையநல்லூரில் என் சொந்தக்காரர்களிடம் நான் சொல்வதும் இதே சுவர்ப் படங்களைத்தான்.

சிங்கப்பூரிலேயே கூட்டுரிமைக் கட்டடங்களில் நிலைமை வேறு. இன்டர்நேஷனல் பிளாசா மாதிரி இடத்தில் ஒருவர் தன் வீட்டின் தளப்பரப்பைக் கூட்ட வேண்டுமானால் நிர்வாகக் கழகக் கூட்டத்தில் 90 விழுக்காட்டுத் தீர்மானம் வேண்டும். அங்கே உங்கள் வாக்குதான் உங்கள் ஆட்சேபம், கூட்டத்துக்குப் போகாமல் பிறகு வருந்திப் பயனில்லை. வீவக வீடுகளில் சுவர் உடைப்பது போன்ற இரைச்சல் வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கிடையாது. கட்டுமானத் தளங்களில், குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் இருந்தால், சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வேலை நிற்க வேண்டும். இது 2011 செப்டம்பரிலிருந்து இருக்கும் விதி. மீறினால் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் சொல்லுங்கள், நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள்.

பிளேர் ரோட்டில் கடிதம் போன பிறகு கட்டடக் கலைஞரிடமிருந்து பதில் வந்தது. பொறியாளர் வந்து பார்த்தார். விரிசலின் குறுக்கே அளவுத் தகடு ஒட்டினார்கள். உத்தரங்களை உருவுவதற்கு முன் எஃகுத் தாங்கல் வைப்பது எப்படி என்று வரைபடத்தோடு விளக்கினார்கள். எல்லாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. பதில் வராவிட்டால், விரிசல் வளர்ந்தால், கட்டட, கட்டுமான ஆணையத்துக்குப் படங்களோடு எழுத வேண்டும், அதுவும் அன்றைக்கே. சுவர் விவகாரத்தை அவர்கள் பார்ப்பார்கள், இருவருக்கும் நடுவே பணச் சண்டையைத் தீர்க்கமாட்டார்கள். பேசித் தீர்க்க 1998இலிருந்து சமூகச் சமரச நிலையம் இருக்கிறது. இரைச்சல், புகை போன்று வீட்டில் நிம்மதியாக இருக்கவிடாத தொல்லைகளுக்கு 2015இலிருந்து அக்கம்பக்கத் தகராறுகளுக்கான நடுவர் மன்றமும் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, வேலைக்கு முன்னால் சுவர் எப்படி இருந்தது என்பதைத்தான். அந்தப் படங்களை வேலை முடிந்த பிறகும் அழித்துவிடாதீர்கள். புதிய அடித்தளம் முதல் மழைக்காலத்தைத் தாண்டும் வரை பென்சில் கோட்டை மாதம் ஒருமுறை பார்த்துத் தேதி போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.