புகுந்தவர் யார்?

ஆங்கிலத்தில் ‘மேரி இன்ட்டு’ என்றொரு தொடர் உண்டு. ‘மேரி’ என்றால் மணத்தல் என்பது நாம் அறிந்ததே. அதன் பின்னே ‘இன்ட்டு’ என்னும் சின்னஞ்சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்டதும், பொருள் ஆளை விட்டுக் குடும்பத்துக்குத் தாவிவிடுகிறது. ‘மேரி’க்கு அடுத்து வருவது மணமகனோ மணமகளோ ஆகும், ‘மேரி இன்ட்டு’வுக்கு அடுத்து வருவது குடும்பம், குலம், செல்வம் போன்ற ஒன்று. ஒரு வணிகக் குடும்பத்துக்குள் ‘மேரி இன்ட்டு’ செய்யலாம். கமலாவை அப்படிச் செய்ய இயலாது. (‘மேரி’க்குப் பின் ‘வித்’ போட்டு எழுதும் பழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. அது நம் ‘உடன்’ செய்யும் வேலை, ஆங்கிலத்துக்கு வேண்டாதது.) ‘மேரி இன்ட்டு மணி’ என்னும்போது சற்றே குத்தலும் கலந்துவிடும்: சம்பந்தத்தின் வழியே வசதி தேடிக்கொண்டவர் என்று பொருள்.

இலக்கணம் இவ்வளவுதான். என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. இத்தொடருக்கு ஆண் பெண் என்ற வேறுபாடே இல்லை. 1947-இல் இளவரசி எலிசபெத்தை மணந்த பிலிப், அரச குடும்பத்துக்குள் ‘மேரி இன்ட்டு’ செய்தவர் எனச் சொல்ல ஆங்கிலத்தில் தடையில்லை. 1952-இல் அரசியான எலிசபெத், தாமும் தம் மக்களும் வின்ட்சர் குடும்பத்தினர் என்றே வழங்கப்படுவர் என அவ்வாண்டே அறிவித்தார். கணவரின் மவுன்ட்பேட்டன் என்ற பெயர் பிள்ளைகளுக்கு வரவில்லை. 1960-இல்தான் இரு பெயரையும் இணைத்த பெயர் வழித்தோன்றல்களில் சிலருக்கு வகுக்கப்பட்டது. மணந்து போகும் பெண்களின் வழியினருக்கு 1952 அறிவிப்பிலேயே விலக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனினும், புகுந்தவர் பிலிப்தான்.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தார்’ என்போம். நிகழ்ச்சி ஒன்றே, அம்புக்குறிதான் திரும்பிவிட்டது! ஆங்கிலத்தில் அவர் உள்ளே போகிறார். தமிழில் உள்ளேயிருந்து ஒருத்தியை வெளியே கொண்டு வருகிறார். திசை மாறினால் விடையே மாறும் என்பது இயற்பியல் படிக்கும் எனக்குப் பாலபாடம். ஆண் உள்ளே போவதற்கு நம்மிடம் இருக்கும் சொல் ‘வீட்டோடு மாப்பிள்ளை’. அதைச் சிரிக்காமல் சொல்வார் அரியர். விடுதியில் இந்தி நண்பர்கள் சொல்லும் ‘கர் ஜமாயி’யும் அதே தொனிதான். பெண்ணுக்கோ சொல் ஆயத்தமாக இருக்கிறது: பிறந்த வீடு, புகுந்த வீடு. ‘இன்ட்டு’வுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் இந்தப் புகுதல் வெறும் சொல்லாக நின்றதில்லை. கணவனும் மனைவியும் ஓருடல் என்பது திருச்சபைக் கொள்கை. ஆகவே மனைவியின் தங்கை கணவனுக்கும் தங்கையே. மனைவி இறந்த பின் அவள் தங்கையை மணப்பது செல்லாது என்று 1835-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1907-இல்தான் அத்தடை நீங்கியது. ‘சிஸ்டர் இன் லா’ என்பதில் உள்ள ‘லா’, அந்தத் திருச்சபைச் சட்டமே. நம் பக்கத்திலோ, மனைவியை இழந்தவனுக்குக் கொழுந்தியாளையே கேட்பது பல குடும்பங்களில் வழக்கம். நம் மாப்பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவதில்லை போலும்!

மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் மரபை நினைத்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. பிரெஞ்சு மானிடவியலார் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுப் பெயர்களே திருமண உறவை அடிப்படையாகக் கொண்டு அமைந்தவை என்று காட்டினார். மாமனார் முன்பே மாமா. மாமியார் முன்பே அத்தை. ஏற்கெனவே உறவுக்குள் இருப்பவர் எங்கே புகுவது?

என் அக்காள் அத்தை மகனைத்தான் மணந்தாள். பள்ளி விடுமுறைதோறும் நாங்கள் ஓடிப்போகும் வீடு அது. எந்தப் பரணில் எந்த டப்பா இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மணமான மறுநாள் அதே வீடு புகுந்த வீடாயிற்று. டப்பாவைத் தொடுமுன் கேட்டுக்கொண்டு தொட்டாள். அத்தானோ எங்கள் வீட்டுக்கு வந்தால், இன்றும் ‘மாமா வீட்டுக்கு வந்தேன்’ என்கிறார். உறவில் வாசற்படி இல்லை. வீட்டில் இருக்கிறது, அதுவும் அவளுக்கு மட்டும்.

நம் இதழுக்காக ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தொடர் ஆணைக் குறித்து வருமிடத்தில் ‘பெண் எடுத்தான்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘மணத்தால் அக்குடும்பத்தைச் சேர்ந்தான்’ எனலாம். ஓசை சற்று முரடுதான். ‘அக்குடும்பத்தில் புகுந்தான்’ என்றே எழுதினால் என்ன என்று அறைத்தோழரைக் கேட்டேன். திருடன் புகுந்தது போலிருக்கிறது என்று அவர் சிரித்தார்.