பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும் சொற்கள்

திகனவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகள் பாடசாலையில் ஜேர்மன் மொழி படிக்கிறாள். இரவிரவாகச் சொற்களைப் பாடமாக்குகிறாள். அடுத்த கிழமை கேட்டால் ஒன்றும் வருவதில்லை. எனக்கோ ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. நான் எப்படி உதவலாம்?"

க.பொ.த. சாதாரண தரத்தில் ஜேர்மன் ஒரு தெரிவுப் பாடம். ஜேர்மனியில் வேலை என்ற நம்பிக்கை பரவியதிலிருந்து, முப்பது நாளில் பேச வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. அவற்றை நம்பவேண்டாம். பிள்ளை 'பார்த்துப் படிக்கும் வகையா, கேட்டுப் படிக்கும் வகையா' என்று பிரித்துக் கற்பிக்கும் முறைக்கும் போதிய சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர் நால்வர் ஆய்வுகளை அலசி எழுதினார்கள். ஆனால் சான்றுள்ள வழி ஒன்று இருக்கிறது. அதற்குக் காசும் வேண்டாம்.

அதே 2008இல் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபின், சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலர் வாசிக்காமல், நினைவிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் நாள் முடிவில் எல்லோருக்கும் எல்லாச் சொற்களும் தெரிந்திருந்தன. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், சொல்லிப் பார்த்தவர்களிடம் சுமார் 80 சதவீதம் மிஞ்சியிருந்தது. சொல்லிப் பார்ப்பதை நிறுத்தியவர்களிடம், தொடர்ந்து வாசித்தவர்கள் உட்பட, 35 சதவீதமளவில்தான். இதைவிட வியப்பான செய்தி, தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே கணித்திருந்தார்கள். எது தம் நினைவை வளர்த்தது என்பது படித்தவர்களுக்கே தெரியவில்லை.

வாசிக்கும்போது சொல் கண்முன் கிடக்கிறது. பழகிய முகமாகத் தெரிவதால் 'தெரியும்' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. பரீட்சையில் அந்த முகம் முன்னால் நிற்காது. நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதோ, தேடுகிற அந்த உழைப்பே அடுத்தமுறை சொல்லை அடையும் வழியைப் பலப்படுத்துகிறது. தேயிலைச் செடியும் இப்படித்தான். பறித்தால்தான் புதுக்கொழுந்து வரும். நாள் முழுக்கச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் கூடை நிறையாது. பறித்த செடியிலேயே அன்று பத்துத்தரம் கைவைத்தும் பயனில்லை. அடுத்த சுற்றுக்கு நாள் விடவேண்டும். அதிகம் பிந்தினால் இலை முற்றிவிடும். சொல்லுக்கும் அப்படியே: மறக்கத் தொடங்கும் தறுவாயில் கேட்கவேண்டும்.

இடைவெளி விட்டுப் படித்தால் நிலைக்கும் என்பதை 1885லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் தம்மையே சோதித்து எழுதிவிட்டார். 1972இல் செபஸ்டியான் லைட்னர் என்பவர் அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடக்கினார்.

அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். சப்பாத்துப் பெட்டியில் மூன்று அறைகள் தடுத்துக்கொள்ளுங்கள். சிறு மட்டைத் துண்டு ஒவ்வொன்றின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஜேர்மன் சொல். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கொருமுறை, மூன்றாவதைக் கிழமைக்கொருமுறை கேளுங்கள். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தது விடையைப் பார்த்தபின் முதல் அறைக்குத் திரும்பும். சாப்பாட்டு மேசையில் இருந்தே தொடங்கலாம்: கரண்டி 'டெர் லோஃபெல்', முள்ளுக்கரண்டி 'டீ காபெல்', கத்தி 'டாஸ் மெஸ்ஸர்'. மூன்றும் மூன்று பால். காரணம் தேடிப் பயனில்லை. ஆகவே பாலைக் காட்ட முன்னால் வரும் 'டெர்', 'டீ', 'டாஸ்' என்ற சொல்லை விட்டுச் சொன்னால் பிழை என்றே கொள்ளுங்கள். அந்த மூன்று சொற்களுக்கும் நீலம், சிவப்பு, பச்சை என்று நிறம் கொடுத்தால் பிள்ளைக்கு இன்னும் எளிது.

மட்டைகள் சொல்லைத்தான் தரும், பேச்சைத் தரா. உச்சரிப்பை ஆசிரியரிடமும் ஒலிப்பதிவிலும் கேட்டுத்தான் பழகவேண்டும். இரு புள்ளி வைத்த ஜேர்மன் எழுத்து 'ü' வராவிட்டால், உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொல்லுங்கள், வந்துவிடும். தமிழ் வாசிப்பதற்கே பிள்ளை திணறினால் சிக்கல் ஜேர்மனில் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்து, வாசிப்புச் சிரமத்துக்கு உதவி தேடுங்கள்.

அம்மா, உங்களுக்கு ஜேர்மன் தெரியாதது ஒரு குறையே அல்ல. படத்தைக் காட்டிக் கேளுங்கள், பதிலுக்குப் பொறுத்திருங்கள், பிழைத்தால் ஏசாதீர்கள். பிழைத்துத் திருத்திய சொல்லும் நினைவில் நிலைக்கும். இரவிரவாகக் கண்விழிக்க வைப்பதைவிட நாளுக்குப் பதினைந்து நிமிடம் இப்படிக் கேட்பது மேல்.