பாரிஷ் ஏட்டில் ஒரு தச்சர்

மன்னர்களின் வாழ்வை எழுதி வைக்க வரலாற்றாசிரியர்கள் இருந்தனர். பிரபுக்களின் வாழ்வை அவர்களுடைய மாளிகைகளும் சாசனங்களும் கூறும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் கதவும் வண்டிச் சக்கரமும் செய்து பிழைத்த தச்சர் ஒருவரின் வாழ்வை எங்கே தேடுவது? உயில் எழுதும் அளவுக்கு அவர் சொத்துச் சேர்த்திருப்பது அரிது. கையெழுத்திடத் தெரிந்திருந்தாலே பெரிது. எனினும், அத்தகையோர் எங்கே பிறந்தனர், யாரை மணந்தனர், எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தனர் என்பதையெல்லாம் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று கண்டறிகின்றனர். அதற்குத் துணை நிற்பவை பாரிஷ் ஏடுகளே.

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த வட்டாரம். நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் பங்கு என்றும் சேகரம் என்றும் வழங்குவது இதனையே. 1538-ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பாரிஷிலும் வாரந்தோறும் ஏட்டில் பதிய வேண்டும். அவ்வேட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் காக்க வேண்டும் என்பது ஆணை. 1598-இல், தாளில் எழுதிய பழம் பதிவுகளைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுதவும், ஆண்டுதோறும் ஒரு படியைப் பிஷப்புக்கு அனுப்பவும் விதி ஏற்பட்டது. மூல ஏட்டை எலியும் ஈரமும் தின்றுவிட்ட ஊர்களுக்கு இன்று அந்தப் படியே கதி.

தேடும் முறை, அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் பின்செல்வதாகும். 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது. 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஒவ்வொருவரின் வயதையும் தொழிலையும் பிறந்த பாரிஷையும் கூறுகிறது. அக்கணக்கில் ஒரு கிழத் தச்சர் தாம் பிறந்ததாகச் சொன்ன பாரிஷ் எதுவோ, அதன் ஏட்டையே அடுத்து நாம் திறக்க வேண்டும். பழைய ஏடுகள் பெரும்பாலும் இன்று கவுண்டி ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பலவற்றின் நிழற்படங்களைக் கணினியிலும் காணலாம்.

ஏட்டைத் திறந்தவுடன் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25-ஆம் நாள். ஆதலின் 1720 ஏப்ரலில் மணந்த தம்பதியரின் முதல் குழந்தைக்கு அதே 1720-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஞானஸ்நானம் நடந்ததாகக் கண்டால் திகைக்க வேண்டுவதில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721-ஐச் சேர்ந்தது. மேலும், ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு இடுவதும் வழக்கம். ஆகவே ஞானஸ்நானப் பதிவைக் கண்டு மகிழ்ந்தவர், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடக்க ஏட்டையும் பார்த்தாக வேண்டும்.

திருமண ஏடு இன்னும் சற்று நெருங்கிப் பேசுகிறது. 1754 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் ஒப்பமிட வேண்டும்; எழுதத் தெரியாதவர் கீறல் இடுவர். நார்தாம்ப்டன்ஷயரின் பிடிங்டன் ஊரில் 1781 ஜூன் 10-ஆம் நாள் நடந்த திருமணம் ஒன்றைக் காண்போம். மணமகன் நெசவாளர் ஒருவரின் மகன். காலணி தைக்கும் தொழில் பயின்ற 19 வயது இளைஞர். மணமகள் டாரதி பிளாக்கெட் எழுத்தறியாதவர். சிலுவைக் குறியே இட்டார். அந்த மணமகன்தான் வில்லியம் கேரி. 1793-இல் வங்காளம் வந்து, பின் செராம்பூரில் அச்சகம் நடத்தி, கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்க மொழி கற்பித்தவர் அவரே. பிற்காலப் புகழால் நூல்கள் அவரைப் பேசுகின்றன. ஆனால் அன்று அவ்வேடு அவருக்கு அளித்த இடம், எந்தத் தொழிலாளிக்கும் அளித்த இடத்தைவிட ஓர் அங்குலமும் மிகுதியன்று.

தேடுவோர் பெரிதும் தடுமாறுவது, பிழைப்பை நாடி ஊர் மாறியவரிடத்தில்தான். பிறந்த பாரிஷில் அவருடைய அடக்கம் இராது. மணந்த பாரிஷில் அவருடைய பிறப்பு இராது. இங்கே கைகொடுப்பவை, 1662-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால் எழுந்த காகிதங்கள். ஏழைகளைப் பராமரிக்கும் செலவு அந்தந்தப் பாரிஷைச் சார்ந்தது. ஆதலின் வெளியூரான் ஒருவன் நோயுற்றோ வேலையிழந்தோ தங்கள் தலையில் விழுவான் என அஞ்சினால், பாரிஷார் அவனை நீதிபதிகள் முன் நிறுத்துவர். எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை ஆண்டு தொழில் பழகினாய், யாருக்கு ஊழியம் செய்தாய், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு, அவன் மறுமொழிகளை எழுதிக்கொள்வர். பின் உரிமையுள்ள பாரிஷுக்கு மனைவி மக்களோடு அனுப்பிவிடுவர். கொடுமையான ஏற்பாடுதான். ஆயினும், சாமானியன் ஒருவன் தன் வாழ்க்கையைத் தானே சொல்லக் கேட்பது பெரும்பாலும் இந்தக் காகிதங்களில் மட்டுமே. சொந்த ஊரில் நிம்மதியாக இருந்தவனை எவரும் கேட்கவில்லை. நீ எந்த ஊரான் என்று கேட்கப்பட்டவனே வரலாற்றில் பேசுகிறான். ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு அக்கேள்வியின் கனம் விளங்காமற்போகாது.

வேறு துணைகளும் உண்டு. 1710 முதல் 1811 வரை, தொழில் பழகுநருக்காக ஆசான் பெற்ற தொகைமீது அரசாங்கம் முத்திரை வரி வாங்கியது. அவ்வரிக் கணக்கில் ஆசானின் பெயர், ஊர், தொழில், பழகுநரின் பெயர் ஆகியவை காணப்படும். தேவாலயத்தின் வரவு செலவு ஏட்டில், மணிக்கூண்டின் உத்தரத்தைப் பழுது பார்த்த தச்சருக்கும் கீலுக்கு இரும்படித்த கொல்லருக்கும் கொடுத்த கூலி, ஷில்லிங்கும் பென்சுமாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இறுதியாக ஒன்று. 1813 முதல் ஏடுகளுக்கு அச்சிட்ட படிவம் வந்தது. அடக்கப் படிவம் பெயர், இருப்பிடம், நாள், வயது ஆகியவற்றைக் கேட்டது; தொழிலைக் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டு உளி பிடித்தவரும் அதில் வெறும் பெயராகவே முடிகிறார். ஞானஸ்நானப் படிவமோ தந்தையின் தொழிலைக் கேட்டது. ஆகையால் அவர் தச்சர் என்பதற்குச் சான்று அவருடைய அடக்கப் பதிவில் இல்லை. அவர் பெற்ற பிள்ளைகளின் பதிவுகளில், பிள்ளைக்குப் பிள்ளை, திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது.