பெயரில்லாப் பானையின் பெருமை

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்கல் நெருங்கிவிட்டால், எல்லைக்கு இருபுறமும் உள்ள மண்பாண்டத் தொழிலாளர் வீடுகளில் ஓய்வு ஏது? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பானைகளும் குமரி மாவட்டத்துப் பானைகளும் ஒரே சாலையில் திருவனந்தபுரம் போய்ச் சேருகின்றன. 2009-ல் இப்பொங்கலில் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் குறித்தது. ஆனால் பானை வனைந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இத்தகைய பெயரில்லாப் பானைக்காகவே ஜப்பானில் ஓர் இயக்கம் நடந்தது. தொழிற்சாலைச் சரக்கு பெருகிக் கைத்தொழில்கள் நலிந்துவந்த காலம் அது. 1925-ல் யனகி சோயெத்சு என்ற அறிஞரும், ஹமதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற இரு மட்கலக் கலைஞர்களும் ‘மிங்கெய்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். மக்கள் கைவினை என்று பொருள். அன்றாடம் புழங்கும் மலிவான பாண்டத்தில்தான் உண்மை அழகு இருக்கிறது என்றார் யனகி. ‘கிசாயெமோன்’ என்ற கிண்ணத்தை அவர் வியந்து எழுதினார். யாரோ ஒரு கொரியக் குயவர் செய்த சாதாரணக் கிண்ணம். இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்! 1936-ல் டோக்கியோவில் இவ்வகைப் பொருள்களுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஹமதா, 1920-ல் பெர்னார்டு லீச்சுடன் இங்கிலாந்து சென்று சூளை அமைத்தவர். திரும்பி வந்ததும் பட்டணத்தை நாடாமல், சமையல் பாண்டங்கள் செய்துவந்த மஷிகோ என்ற ஊரில் குடியேறினார். உள்ளூர் மண்ணையே எடுத்தார். பானையில் பெயர் பொறிப்பதையும் விட்டார். என்ன பயன்? 1955-ல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற சிறப்பு அவரைத் தேடி வந்தது. அவர் பானை ஏழை வீட்டுக்கு எட்டாத விலையாயிற்று. கவாய் அந்தச் சிறப்பை ஏற்க மறுத்துவிட்டார்.

ஜப்பானிய முறை தமிழர் பக்கமும் வந்தது. 1971-ல் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர்கள் ‘கோல்டன் பிரிட்ஜ்’ பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பயின்றவர். சுமார் 1,300 டிகிரி சூட்டில் கல்லாக இறுகும் பாண்டங்கள் அங்கே உருவாயின.

எல்லைப்புறப் பானைக்கு அத்தனை சூடு ஆகாது. குறைந்த சூட்டில் வெந்து நுண்துளைகளோடு இருப்பதால்தான் அது நேரடித் தீயைத் தாங்குகிறது. புதுச்சேரிப் பாண்டத்தை மூன்று கல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும்!

ஆகவே பானையில் குறையில்லை, மண்ணுக்குத்தான் தட்டுப்பாடு. 2008-ல் கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வயல்மண் எடுப்பது எளிதல்ல. வயலைக் காப்பது நியாயமே. ஆனால் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக அள்ளுவதும், பானைக்குக் கொஞ்சம் களிமண் எடுப்பதும் ஒன்றாகுமா? மண்பாண்டத் தொழிலாளர் கேட்பது அந்தக் கொஞ்சத்தைத்தான்.